ஊராருக்கு ஒரு காற்றாலை

கேள்வி: ஆடி மாதத்தில் எங்கள் மலைக்கிராமத்தில் கூரைத் தகரமே பறக்கும் அளவுக்குக் காற்று அடிக்கிறது. ஊரார் பங்கு போட்டு இங்கேயே ஒரு காற்றாலை அமைத்தால் வருமானம் வருமா?
– வாசகர் ஒருவர், ஏற்காடு

பதில்: ஊரார் சேர்ந்து காற்றாலைக்குச் சொந்தக்காரர்கள் ஆவது நடக்கக்கூடியதே. ஆனால், அதை உங்கள் மலையிலேயே நிறுத்த வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் ஒதுக்கி வைக்கச் சொல்வேன்.

தகரத்தைப் பெயர்க்கும் காற்று வேறு, மின்சாரம் தரும் காற்று வேறு. சேர்வராயன் கோயில் மேட்டில் ஆளைத் தள்ளுகிற காற்று, அடுத்த நிமிடமே அடங்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றாலைக்கு வேண்டியதோ மாதக்கணக்கில் சீராக வீசும் காற்று. வேகம் இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், சராசரி வேகம் சற்றுக் குறைந்தாலும் வருமானம் வெகுவாகச் சரிந்துவிடும். பாலக்காட்டுக் கணவாயும் ஆரல்வாய்மொழியும் பெயர் பெற்றது இந்தச் சீரான காற்றால்தான். மேலும், இக்காலத்துப் பெரிய காற்றாலைகளின் இறக்கை ஒன்றே அறுபது மீட்டருக்கு மேல் நீளும். அதை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றுவதற்காகச் சில்வர் ஓக் மரங்களையும் சோலைகளையும் வெட்டுவதை நான் விரும்பவில்லை.

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி இந்தச் சிக்கலுக்கு அருமையான வழி கண்டது. 2006-இல், சேமிப்பிலிருந்து 40 லட்சம் ரூபாயும் வங்கிக் கடனாக 1.15 கோடி ரூபாயும் போட்டு, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, தன் எல்லைக்குள் அல்லாமல், காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிறுத்தியது. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊரின் தேவை 4.5 லட்சம் யூனிட்தான். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்ற பணத்தில் கடனையும் அடைத்தார்கள்.

அன்றைய விற்பனை முறையை இன்று அப்படியே எதிர்பார்க்க முடியாது. விற்பதை நம்பாமல், சொந்த உபயோகத்துக்கே உற்பத்தி செய்வதுதான் இப்போது பாதுகாப்பு. அது சொந்த உபயோகமாகக் கருதப்பட, 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோர் கையில் குறைந்தது 26 சதவீத உரிமை இருந்து, உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். கூட்டுறவுச் சங்கமானால் உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து இந்த அளவை எட்டினால் போதும். வீட்டு விளக்குகள் மட்டும் அவ்வளவு மின்சாரத்தை இழுக்காது. அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைகள் இழுக்கும். 1981-இலிருந்தே சேகோசர்வ் என்ற கூட்டுறவை நடத்திப் பழகியவர்கள் அவர்கள். அவர்களோடு பேச்சைத் தொடங்குங்கள்.

பழைய காற்றாலையை வாங்குவதானால் கடந்த சில ஆண்டுகளின் மாதவாரி மீட்டர் கணக்கைக் கேட்டு வாங்கி, கிராம சபையில் வாசியுங்கள். வைகாசி முதல் புரட்டாசி வரைதான் மீட்டர் வேகமாக ஓடும். ஆகவே, வங்கித் தவணையின் பெரும்பகுதி அந்த மாதங்களிலேயே விழும்படி முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.