டிங்கர் பெட்டிக்குள் இருந்தவை

கேள்வி: சிறிய ஊரில் நாற்பது ஆண்டுகள் டிங்கர் வேலை (கார் தகட்டில் ஒடுக்கெடுக்கும் வேலை) பார்த்த என் அப்பா அண்மையில் காலமானார். அவர் பெட்டியில் வழவழப்பான இரும்புக் கட்டைகள், நுனி கருகிய மரக்கட்டை, வளைந்த அரம், ஈயக் குச்சிகள், ஒற்றைத் துணிக் கையுறை இருக்கின்றன. இவை எதற்கு?

பதில்: இரும்புக் கட்டைக்கு டாலி என்று பெயர். மட்கார்டுக்கு ஒரு வளைவு, கதவுக்கு ஒரு தட்டை முகம், விளிம்பு மடிக்க ஒன்று. தகட்டின் உள்பக்கம் டாலியை அழுத்திப் பிடித்து, வெளியே ஒடுக்கைச் சுற்றிப் புடைத்திருக்கும் ஓரத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டி வர வேண்டும். அடி டாலிக்கு நேர் மேலே விழாமல் சற்றுத் தள்ளி விழ வேண்டும். கடைசியாக மடிந்த இடத்திலிருந்து பிரித்து வருவதுதான் முறை. அவசரப்பட்டு நடுப்பள்ளத்தில் ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடும். பிறகு விரலால் அமுக்கினாலே 'டொப்'பென்று உள்ளே போய் வெளியே வரும். அப்போது காசளவு இடத்தை கேஸ் சுடரில் செக்கச்சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி, ஈரத்துணியால் ஒற்றிச் சுருக்குவார்கள். ஓரிரு நொடி கூடினால் ஓட்டைதான்.

மரக்கட்டை, மிஞ்சிய பள்ளத்தில் ஈயம் பரப்புவதற்கு. காரீயம் 70, வெள்ளீயம் 30 பங்கு சேர்ந்த குச்சி 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். 255 டிகிரியை நெருங்கினால்தான் தண்ணீராக ஓடும். இடைப்பட்ட சூட்டில் வெண்ணெய்ப் பதம். எண்ணெய் தடவிய கட்டையால் அப்போதே இழுத்துவிட வேண்டும். ஆறியபின் இழைக்கத்தான் அந்த அரம்.

கையுறையின் ஜோடி தொலைந்திருக்காது என்று தோன்றுகிறது. கண்ணுக்குத் தப்பும் மேடுபள்ளம் உள்ளங்கைக்குத் தெரியும். வெறுங்கை வியர்வையில் பிடிக்கும், துணி வழுக்கிப் போகும். தடவிப் பார்க்க ஒரு கை போதுமே, மற்றதில் சுத்தியல்!

கேள்வி: பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி டப்பா ஒன்றுகூட இல்லை. அவர் பட்டியே பூசவில்லையா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது; நாள்பட்டால் டப்பாவிலேயே இறுகிவிடும் சரக்கு அது. ஒடுக்கை எடுத்துவிட்டு 3 மில்லிமீட்டருக்குள் பூசினால் பட்டி நன்றாகவே நிற்கும். 100 கிராமுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் 2 கிராம் அளவில் போதும். கூடினால் பெயின்டின் மேல் கறை எழும்பும், குறைந்தால் பிசுபிசுக்கும். துருவைச் சுரண்டாமல் பூசினால் கொப்பளிப்பது நிச்சயம்.

டாலி முகத்தில் எண்ணெய் தடவி வையுங்கள். சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். அந்தக் கீறல் அப்படியே தகட்டில் பதியும். ஈயக் குச்சியை வீட்டில் உருக்கவோ அராவவோ கூடாது. தொட்டால் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.