இடப்பக்கத்துக் கீறல்கள்

அன்புள்ள அய்யா,

எங்கள் மாட்டுக்கொட்டகையில் தாத்தாவின் ராலே சைக்கிள் துருவேறிக் கிடந்தது. நாட்டிங்காமில் செய்த வண்டி. புதுப்பிக்கலாம் என்று பிரிக்க ஆரம்பித்தேன். பெடல் மாட்டும் தண்டான கிராங்க்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் அசையவே இல்லை. கேஸ் வைத்து அறுத்துவிடலாம் என்கிறார்கள் பட்டறையில். பிரேமில் மணலைப் பீய்ச்சிப் பெயிண்டைச் சுரண்டும் சாண்ட் பிளாஸ்டிங் செய்து பவுடர் கோட்டிங் கொடுக்கப் போகிறேன். கறுப்பா, கரும்பச்சையா, எது பொருத்தம்? கிராங்க் அச்சு சுழலும் கப்பு, குண்டு எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடலாமா? எந்த வருடத்து வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எஸ்., திருவாரூர்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தக் கேஸை மூடச் சொல்லுங்கள். காட்டர் பின் ஒரு சின்ன ஆப்பு, அவ்வளவுதான். நட்டை முழுக்கக் கழற்றாமல் பின்னின் நுனிக்குச் சமமாக நிற்கும்வரை மட்டும் தளர்த்துங்கள்; மரை நசுங்காது. மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறட்டும். அப்புறம் கிராங்க்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுத்து, பெரிய சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. முட்டு இல்லாமல் அடிக்கும் ஒவ்வொரு அடியும் உள்ளே கப்பிலும் குண்டிலும் போய்த்தான் இறங்கும்.

குண்டுகளை மாற்றுங்கள். கால் அங்குலக் குண்டு, பக்கத்துக்கு 11. கப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ராலே அந்த இடத்தில் அங்குலத்துக்கு 26 மரை வைத்தது. பொதுவான இங்கிலீஷ் அளவு 24. கடையில் கிடைத்ததை வாங்கி முறுக்கினால் பிரேமின் மரையே போய்விடும். வலப்பக்கக் கப்பும் இடது பெடலும் எதிர்மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வருடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை. பின்சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) இருந்தால் அதன் மேலேயே வருடத்தின் இரண்டு இலக்கம் பொறித்திருக்கும்.

கறுப்பா பச்சையா என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. தாத்தா வண்டி என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே மணலை வைத்து அவரைச் சுரண்டி எடுக்க எப்படி மனம் வந்தது?

என் அப்பாவிடமும் ஒரு ராலே இருந்தது. அக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் போய்விட்டது. பள்ளிக்கூடம் இரண்டரை மைல். பாரில் ஒரு சின்ன சீட்டை மாட்டி, அதில் அவளை முன்பார்த்து உட்கார வைத்து, எட்டு வருடம் அப்பா கொண்டுபோய் விட்டார். காலில் அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், காலிப்பர். வண்டி குலுங்கும்போதெல்லாம் அது பிரேமின் கீழ்க்குழாயில் உரசும். இடப்பக்கம் நீள நீளமாகக் கீறல்கள், உள்ளே இரும்பு தெரியும். வலப்பக்கம் அவளுடைய செருப்பு தேய்த்துத் தேய்த்துப் பெயிண்ட் மங்கி வழவழவென்று இருக்கும். அப்பா மாதம் ஒருமுறை அந்தக் கீறல்களில் மட்டும் விரலால் தேங்காய் எண்ணெய் தடவுவார், துரு பிடிக்காமலிருக்க. மற்ற இடங்களுக்குப் பழந்துணிதான்.

அப்பா போனபிறகு வண்டியை நான்தான் எடுத்து வந்தேன். நீங்கள் சொல்கிற அதே வேலையைச் செய்தேன். மணல் அடித்து, பளபளவென்று கறுப்புக் கொடுத்து, பொன்கோடு இழுத்து வாசலில் நிறுத்தினேன். ஊரிலிருந்து அக்கா வந்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள். குனிந்து, கீழ்க்குழாயின் இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை விரலை ஓட்டினாள். "நல்லாருக்குடா" என்றாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். துரு தின்ற இடம் வேறு, மனிதர் தேய்த்த இடம் வேறு. முன்னதை எடுங்கள், பின்னதைத் தொடாதீர்கள். தண்ணீர் தேங்குகிற இடங்களை, அதாவது பெடல் அச்சுக்கூட்டின் அடியையும் சீட்டுக் குழாயின் கீழ்முனையையும், தட்டிப் பாருங்கள். ஓட்டை விழாத பிரேமுக்குச் சாண்ட் பிளாஸ்டிங் எதற்கு? குரோமில் உள்ள துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். பெயிண்ட் உள்ள இடத்தில் எண்ணெயும் துணியும். ஆசிட் பக்கமே போக வேண்டாம்.

மேற்கொண்டு பிரிப்பதற்கு முன் ஒரு முழு நாள் சும்மா பாருங்கள். உங்கள் தாத்தா இடது பெடலில் கால் வைத்து, தெத்தித் தெத்தி ஓடி ஏறியவராக இருந்தால், அந்தப் பெடலின் ரப்பர் வலதை விட அதிகம் தேய்ந்திருக்கும், அச்சும் லேசாக வளைந்திருக்கும். எப்போதும் ஒரே சுவரில் சாய்த்து வைத்தவர் என்றால் ஹேண்டில்பாரின் ஒரு முனை சொல்லும். கேரியரில் எதைக் கட்டினார், யாரை உட்கார வைத்தார்? வீட்டில் பாட்டி இருந்தால் கேளுங்கள். அவர்களைக் கொட்டகைக்கே அழைத்து வந்து, வண்டி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கேளுங்கள்.

இடது பெடலைக் கழற்றியதும், கழுவுவதற்கு முன்பே, ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.