கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாளைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டெண்ட் (டாக்டருக்கு உதவியாளராக வேலை செய்வதற்கான படிப்பு) முடித்துவிட்டு, இருபது படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஓராண்டாக வேலை பார்க்கிறேன். இங்கே ஒரே ஒரு டாக்டர்தான். சனி, ஞாயிறுகளில் அவர் சென்னைக்குப் போய்விடுவார். கிளம்பும்போது கையெழுத்துப் போட்ட லெட்டர் பேடு தாள்களைக் கொடுத்து, “காய்ச்சல், வயிற்றுப்போக்குன்னா நீயே எழுதிக் குடும்மா, சந்தேகம்னா போன் போடு” என்கிறார். நோயாளிகள் என்னை டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். இது சட்டப்படி சரியா? ராத்திரியில் நெஞ்சுவலி என்று யாராவது வந்தால் நான் என்ன செய்வது? மறுத்தால் வேலை போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: சரியில்லை. அந்தத் தாள்களில் மீதி இருப்பதை எண்ணி, எண்ணிக்கையை ஒரு காகிதத்தில் எழுதி, டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019-இன் 34-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: மாநில அல்லது தேசியப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே மருத்துவராகத் தொழில் செய்யலாம், மருத்துவச் சான்றிதழில் கையெழுத்துப் போடலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் நான்கு வருடம் படித்தவர், இன்டர்ன்ஷிப் முடித்தவர், டாக்டரே நம்பும் அளவுக்குக் கெட்டிக்காரர். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை. டாக்டர் பக்கத்தில் இருந்து பொறுப்பேற்கும்போது நீங்கள் செய்கிற வேலை அவருடைய வேலையாகிறது. அவர் ஊரில் இல்லாதபோது அதே வேலையை நீங்களாகச் செய்தால், போலீஸ் பார்வையில் அதற்குப் ‘போலி டாக்டர்’ என்று பெயர். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வருகிறவர்கள் உங்கள் பட்டத்தை வாங்கிப் பார்த்து நியாயம் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன். என்னிடம் அழுதுகொண்டு வரும் இளைஞர்களில் பாதிப் பேருக்கு வினை அதில்தான் தொடங்குகிறது. மருந்துச் சீட்டை யார் தருகிறாரோ அவரே கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்கின்றன 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள். உங்கள் விஷயத்தில் மருந்தை முடிவு செய்தது நீங்கள், தேதி போட்டது நீங்கள், கையெழுத்து மட்டும் அவருடையது. அவர் கையெழுத்திட்டபோது அந்த நோயாளி மருத்துவமனை வாசலையே மிதித்திருக்க மாட்டார். நல்லபடியாகப் போகும்வரை யாரும் கேட்பதில்லை. ஒரு குழந்தைக்கு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனால், அன்றைக்கு டாக்டர் சென்னையில் இருந்தார் என்பதை டோல்கேட் ரசீதும் செல்போன் டவர் பதிவும் ஒரே நாளில் காட்டிக் கொடுத்துவிடும். சீட்டில் இருப்பது உங்கள் எழுத்து. “அவசரத்துக்கு என்று கொடுத்து வைத்தேன், அந்தப் பெண் எனக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறாள்” என்று அவர் சொன்னால், அதை மறுக்க உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? விடுப்புக்கு மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டு வருபவருக்கு அதே தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் சிக்கல் இரட்டிப்பு.

போன் விஷயத்தில் கொஞ்சம் இடம் உண்டு. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், நோயாளியின் பக்கத்தில் சுகாதாரப் பணியாளர் ஒருவர் இருக்க, மறுமுனையில் டாக்டர் ஆலோசனை தருவதை அனுமதிக்கின்றன. நீங்கள் பரிசோதித்ததைச் சொல்லலாம், வீடியோவில் காட்டலாம். மருந்தை முடிவு செய்வது அவர். சீட்டை எழுதிக் கையெழுத்திட்டு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்ப வேண்டியதும் அவரே. “நீ எழுதிக் கொடு, திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுகிறேன்” என்பதற்கு அதில் இடமில்லை. எத்தனை மணிக்குப் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதை உடனே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். வார்டில் ஏற்கெனவே படுத்திருக்கும் நோயாளிக்கு அவர் எழுதி வைத்த மருந்துகள் தொடர்வதில் தவறில்லை. புது மருந்து, டோஸ் மாற்றம், டிஸ்சார்ஜ் மூன்றும் உங்கள் வேலை அல்ல.

இனி நெஞ்சுவலி. இங்கே பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடாதீர்கள். உயிர் போகும் நிலையில் இருப்பவரை நல்லெண்ணத்தோடு காப்பாற்ற முயன்றவரைச் சட்டம் தண்டிப்பதில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவு, அதற்காகவே இருக்கிறது. படுக்க வையுங்கள், நாடியும் ரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் பாருங்கள், குறைந்திருந்தால் ஆக்சிஜன் வையுங்கள். இ.சி.ஜி. எடுத்துப் படத்தை டாக்டருக்கு அனுப்புங்கள். அதே நேரத்தில் இன்னொருவரை 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள். டாக்டர் போனை எடுக்கவில்லை என்று ஆம்புலன்சைத் தாமதப்படுத்தாதீர்கள். மூச்சும் நாடியும் நின்றுவிட்டால் கேள்வியே இல்லை, மார்பை அழுத்தத் தொடங்குங்கள். டாக்டர் போனில் சொன்ன மருந்தைக் கொடுத்தால் நேரத்தோடு எழுதி வையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை மட்டும் நீங்களாகத் தொடவே கூடாது. தலைக்குள் ரத்தக் கசிவு உண்டாக்கக்கூடிய மருந்து அது. யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று கணிப்பது டாக்டரின் பொறுப்பு.

இந்த விலக்கு எங்கே முடிகிறது என்பதையும் மனதில் வையுங்கள். நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வழி இருந்தும் “காலையில் டாக்டர் வந்துவிடுவார்” என்று படுக்கையில் வைத்துக்கொண்டால் விலக்கு முடிந்தது. மூன்று நாள் காய்ச்சல் அவசரம் அல்ல, சளி அவசரம் அல்ல. அவசரத்துக்காக உள்ள பிரிவை ஞாயிற்றுக்கிழமை ஓ.பி.யை நடத்துவதற்காகக் காட்டினால் எந்த நீதிபதியும் ஏற்க மாட்டார்.

இன்னொரு கும்பலைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். உங்களைப் போன்றவர்களைத் தேடிப்பிடித்து, “ஆர்.எம்.பி. (பதிவு பெற்ற மருத்துவர்) சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம், மாற்று மருத்துவத்தில் பட்டம் தருகிறோம், அப்புறம் நீங்களே போர்டு போடலாம்” என்று ஏஜெண்டுகள் வருவார்கள். மூன்று மாதத்தில் தபாலில் வரும் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு கிடையாது. முறைப்படி படித்த ஹோமியோபதி மருத்துவர் ஒருவரே அலோபதி மருந்து கொடுத்ததை அலட்சியம் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விலைக்கு வாங்கிய பட்டம் எந்த மூலைக்கு? 2019 சட்டத்தில் ‘கம்யூனிட்டி ஹெல்த் புரொவைடர்’ என்று, டாக்டர் அல்லாதவர் ஓர் எல்லைக்குள் மட்டும் வைத்தியம் செய்வதற்கான உரிமம் ஒன்று பேசப்படுகிறது. அதைக் காட்டியும் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஓர் உரிமத்தைத் தரும் அதிகாரம் மருத்துவ ஆணையத்துக்கு மட்டுமே உண்டு, எந்த ஏஜெண்டுக்கும் கிடையாது. வேலை வாங்கித் தந்த கன்சல்டன்சி உங்கள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருந்தால், எழுத்து மூலம் கேட்டு உடனே வாங்கிவிடுங்கள். அது அவர்களிடம் இருக்கும்வரை உங்களால் எதையும் மறுக்க முடியாது.

இவ்வளவையும் உங்களைப் போன்ற இளம் பெண்ணிடம் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இந்தியாவில் இந்தப் படிப்பு தொடங்கியதே நம் சென்னையில்தான். 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன், இதய அறுவை சிகிச்சைக்குக் கைகொடுக்க ஆள் வேண்டும் என்று தொடங்கினார். பக்கத்தில் சர்ஜன் நிற்கும் இடத்துக்கென்று உருவான வேலை அது. எம்.பி.பி.எஸ். படித்த டியூட்டி டாக்டரைவிடச் சம்பளம் குறைவு என்பதால் சிறிய மருத்துவமனைகள் பிசிஷியன் அசிஸ்டெண்ட்களை (பி.ஏ.) எடுத்துத் தனியே விட்டுவிடுகின்றன. கல்லூரிகள் ஆண்டுதோறும் பட்டம் கொடுக்கின்றன. உங்கள் தொழிலையும் சேர்த்து ஒழுங்குபடுத்தும் இணைமருத்துவத் தொழில் ஆணையச் சட்டம் 2021-இலேயே வந்துவிட்டது. மாநிலங்கள் அதைக் கிடப்பில் போட்டன. 2024-இல் உச்ச நீதிமன்றம் கெடு வைத்துக் கேட்க வேண்டி வந்தது. டாக்டர் இல்லாத நேரத்தில் பி.ஏ. எதுவரை போகலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொரு மருத்துவமனைச் சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டாமா?

வேலை போய்விடும் என்ற பயத்துக்கு வருகிறேன். டாக்டரிடம் சண்டை போடாதீர்கள். “சார், இதில் உங்கள் ரெஜிஸ்ட்ரேஷனுக்கும் ஆபத்து இருக்கிறது” என்று தொடங்குங்கள். அது உண்மை, தகுதியில்லாதவரைத் தன் பெயரில் வைத்தியம் செய்ய விட்டால் மருத்துவக் கவுன்சில் அவரையும் விசாரிக்கும். சனி, ஞாயிறுக்கு உள்ளூரிலேயே ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டரை ஏற்பாடு செய்து, டியூட்டி பட்டியலில் அவர் பெயரை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அந்த இரண்டு நாளும் புது நோயாளி கிடையாது என்று வரவேற்பில் அறிவிப்பு வைக்கட்டும். இதைப் பேசியபின், பேசியதைச் சுருக்கமாக வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பி வையுங்கள்.

எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். சென்னை, கோவை, மதுரை, வேலூரில் துறைத் தலைவரின் கீழ் முறையாக வேலை தரும் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. விலகும்போது அனுபவச் சான்றிதழில் ‘பிசிஷியன் அசிஸ்டெண்ட்’ என்றே எழுதித் தரச் சொல்லுங்கள். மரியாதைக்காக ‘டியூட்டி டாக்டர்’ என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். நாளை வழக்கு என்று ஏதாவது வந்தால் உங்களுக்கு எதிராக முதலில் காட்டப்படும் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும்.