பிங்பாங் ராஜதந்திரத்தில் தொண்டு அமைப்புக்கு என்ன வேலை?

பகையாக இருந்த அமெரிக்காவையும் சீனாவையும் டேபிள் டென்னிஸ் நெருங்க வைத்ததைத்தான் பிங்பாங் ராஜதந்திரம் என்கிறோம். பாதிக் கதை எல்லோருக்கும் தெரியும். 1971இல் ஜப்பானின் நகோயாவில், அமெரிக்க வீரர் கிளென் கோவன் சீன அணியின் பஸ்ஸில் ஏறிவிட்டார். மற்றவர்கள் பேசத் தயங்க, சீன வீரர் சுவாங் செதோங் எழுந்து வந்து ஹுவாங்ஷான் மலைக் காட்சி கொண்ட பட்டுத்துணியைப் பரிசளித்தார். சில நாளில் அமெரிக்க அணி பெய்ஜிங்கில்!

சரி, பதிலுக்குச் சீன அணியை யார் வரவேற்பது? இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவே 1979இல்தான் வந்தது. அரசு முன்னால் நிற்பது சங்கடம். 1966இல் தொடங்கிய, லாப நோக்கமற்ற அமெரிக்க-சீன உறவுகளுக்கான தேசியக் குழுதான் டேபிள் டென்னிஸ் சங்கத்தோடு சேர்ந்து பொறுப்பேற்றது. 1972 ஏப்ரலில் டெட்ராய்ட்டில் இறங்கிய அணி ஊர் ஊராக ஆடியது. என்னைக் கேட்டால், பேச்சுவார்த்தையைவிட இந்தப் பயண ஏற்பாடுதான் பெரிய தலைவலி.