நீட்டிய கையை மறுக்கலாமா?

கேள்வி: ஜப்பானின் ஷிகோக்கு தீவில் 88 கோயில் யாத்திரைப் பாதையில் பத்து நாள் நடந்தேன். ஒரு கிராமத்தில் முன்பின் தெரியாத பாட்டி ஓடி வந்து, இரண்டு ஆரஞ்சுப் பழங்களையும் ஒரு 100 யென் நாணயத்தையும் என் கையில் திணித்தார். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் செய்தது தப்பா? அடுத்த வருடம் மீதிப் பாதையையும் நடக்கப் போகிறேன்.

பதில்: தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. முதல் இரண்டு நாள் நானும் அப்படித்தான் மறுத்தேன். ஆனால் நீங்கள் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்கு அங்கே ஒசெட்டாய் என்று பெயர். பழம், தேநீர், சில்லறை, சில இடங்களில் இரவு படுக்க இடம் என்று நடக்கிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் கொடுப்பது. கோபோ தைஷி என்று அழைக்கப்படும் பௌத்தத் துறவி கூக்காய் (774–835) பிறந்த தீவு அது. ஒவ்வொரு யாத்திரிகருடனும் அவர் கூடவே நடக்கிறார் என்பது நம்பிக்கை. யாத்திரைத் தொப்பியில் ‘இருவராகச் செல்கிறோம்’ என்ற பொருளில் எழுதியிருப்பார்களே, அந்த இரண்டாவது ஆள் அவர்தான். பாட்டி கொடுத்தது அவருக்கும் சேர்த்துத்தான். பாதையின் 1,200 கிலோமீட்டரை இனி நடக்க முடியாத பாட்டி, உங்கள் கால் வழியாகக் கொஞ்ச தூரம் நடந்துகொள்கிறார். நீங்கள் மறுத்தபோது அந்த வழி அடைபட்டது. அவர் முகம் வாடியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு இது புரிந்தது 23ஆம் கோயிலுக்கும் 24ஆம் கோயிலுக்கும் நடுவில். 24ஆம் கோயில் இருக்கும் முரோத்தோ முனை வரை ஏறக்குறைய 75 கிலோமீட்டர், பெரும்பாலும் கடலோரச் சாலை. குதிகால் கொப்புளம் உடைந்து ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் வெந்நீரும் துண்டும் பிளாஸ்திரியும் கொண்டுவந்தார். தரையில் மண்டியிட்டு என் காலைத் தொட்டதும் பதறிப்போய் இழுத்துக்கொண்டேன். அவர் என் கைத்தடியைக் காட்டி ஏதோ சொன்னார். ‘தைஷி’ என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. யாத்திரிகரின் தடியை கூக்காயாகவே மதிப்பார்கள்; இரவு தங்கும் இடத்தில் முதலில் தடியின் நுனியைத்தான் கழுவ வேண்டும். அப்புறம் காலை நீட்டினேன். அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை.

பதிலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒசாமெஃபுதா என்ற பெயர்ச்சீட்டு கொடுப்பதுதான் வழக்கம். கோயில்களில் போடுவதற்கு வைத்திருப்பீர்களே, அதே சீட்டு. 50 சுற்றுக்கு மேல் முடித்தவர்களுக்குத் தங்க நிறம், 100 தாண்டியவர்களுக்குச் சரிகைத் துணி. முதல் நான்கு சுற்றுவரை வெள்ளை. பெயர், தேதி, ஊர் போதும், முழு முகவரி வேண்டாம். முந்தின இரவே பத்துச் சீட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பவரைத் தெருவில் காக்கவைத்துக்கொண்டு பையில் பேனா தேடுவது எனக்குச் சங்கடமாக இருந்தது.

யாராவது காரில் ஏறச் சொன்னால் மட்டும், நடந்தே முடிக்க ஆசை என்று பணிவாகச் சொல்லலாம். யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்போதும் ஒரு சீட்டு கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கையில் தரும் நாணயத்தைச் செலவு செய்யலாமா? அந்தப் பாட்டியை மறுபடி தேடிப் போகலாமா?

பதில்: தாராளமாகத் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம். நான் அடுத்த கோயில் உண்டியலில் போட்டேன்.

தேடிப் போவதென்றால், ஊர் நினைவிருந்தால் போங்கள். பெரிய பரிசு எதுவும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அவர் திருப்பிச் செய்ய அலைவார். இரண்டு வருடம் கழித்து நான் அந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அந்த அம்மா வாசலில்தான் இருந்தார். என்னை நினைவில்லை. என் வெள்ளைச் சட்டையையும் தடியையும் பார்த்தார், இருங்கள் என்று கையால் காட்டிவிட்டு, தேநீர் எடுத்துவர உள்ளே போனார். நான் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.