பன்னச் சாடிக்கு எவ்வளவு தண்ணீர்? வாசகர் கேள்விகள்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடி வீடு எங்களுடையது. பல்கனியில் தொங்கும் பொஸ்டன் பன்னத்தின் (Boston fern) நுனிகள் கருகுகின்றன. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் பலனில்லை. ஏசி அறைக்கு மாற்றட்டுமா?

வேண்டாம். அங்கே போனால் நுனியோடு நிற்காது, முழு இலையும் காயும். கொழும்புக் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேல்தான். பன்னத்துக்கு அது தாராளம். ஏசி அந்த ஈரத்தைத்தான் உறிஞ்சி வெளியேற்றுகிறது.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, உப்புக் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது உங்கள் ஜன்னல் கண்ணாடியில் படிகிற பிசுபிசுப்பு இலையிலும் படியும். காற்று நேரே அடிக்காத, பின்னேர வெயில் படாத மூலைக்குச் சாடியை நகர்த்துங்கள். வாரம் ஒரு தடவை காலையில் குழாய்த் தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள்.

மற்றது, அந்த இரண்டு வேளைத் தண்ணீர். வேர் காய்ந்தாலும் நுனி கருகும், அழுகினாலும் கருகும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் விரலை ஓர் அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். மேல்பகுதி காயத் தொடங்கியிருந்தால் மட்டும், அடியால் வடியும்வரை ஊற்றுங்கள். அடைமழை நாட்களில் வாரத்துக்கு இரண்டு தடவையே போதும். பெப்ரவரி வெக்கையில் தினமும் கேட்கலாம். மணிக்கூட்டைப் பார்த்து ஊற்றுவதால் சாகிற பன்னங்கள்தான் இந்த ஊரில் அதிகம். வெறும் தோட்ட மண்ணில் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கழுவிய தும்புச்சோறு, மக்கிய இலை, கொஞ்சம் கரித்துண்டு சேர்த்தால் தண்ணீர் தேங்காது.

இலைக்கு அடியில் வரிசையாகக் கபில நிறப் புள்ளிகள். நோய் என்று மச்சாள் எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறா. (கொட்டாஞ்சேனை)

கத்தரிக்கோலை வைத்துவிடுங்கள். ஒரே அளவில், ஒழுங்கான வரிசையில் இருந்தால் அவை வித்திப் பைகள். பூவும் விதையும் இல்லாத பன்னம் அவற்றிலுள்ள தூள் போன்ற வித்திகளால்தான் பெருகுகிறது. செதில் பூச்சி என்றால் கண்டபடி சிதறிக் கிடக்கும், தண்டிலும் ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் கழன்று வரும், இலை பிசுபிசுக்கும். அப்படியிருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். எண்ணெய் கலந்த மருந்துகளைப் பன்னத்தின் மெல்லிய இலை தாங்காது.

தட்டில் தண்ணீர் நிற்பதாகப் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எச்சரித்துவிட்டுப் போனார். தட்டை எடுத்தால் தரை நாசம். என்ன செய்வது? (தெஹிவளை)

பிஎச்ஐ பக்கம்தான் நியாயம். 2017இல் நாடு முழுவதும் 1,80,000க்கு மேற்பட்டவர்கள் டெங்குச் சந்தேக நோயாளர்களாகப் பதிவானார்கள். அந்த நுளம்பு பெருகக் குளம் குட்டை தேவையில்லை, ஒரு சாடித் தட்டு போதும். முட்டையிலிருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்கள்தான். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டியபடி மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், திரும்ப நனைந்ததும் பொரிக்கும். ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது தூரிகையால் ஓரத்தை உரசிக் கழுவ வேண்டும்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. சாடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் நன்றாக ஊற்றி, அரை மணி நேரம் வடியவிட்டு, அப்புறம் உலர்ந்த தட்டில் வையுங்கள். தூக்க முடியாத சாடி என்றால் தட்டு நிறைய மணல் போடலாம். எப்போதும் தண்ணீரில் நிற்கும் வேர் அழுகிவிடும் என்பதால் செடிக்கும் இதுதான் நல்லது. பறவைக்கூட்டுப் பன்னம் வைத்திருந்தால் நடுக்குழியில் ஊற்றாமல் சுற்றி ஊற்றுங்கள்.

நுவரெலியாவிலிருந்து மரப்பன்னக் கன்று கொண்டுவந்தால் பிழைக்குமா?

பிழைக்காது. அது கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்துக் குளிரில் வளர்ந்தது. கொழும்பின் இரவுகூட அதற்குச் சூடு. காட்டிலிருந்து பிடுங்கி வருவதை நினைக்கவே வேண்டாம். பார்க்க ஆசையென்றால் ஹக்கல பூங்காவுக்குப் போய்வாருங்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பினால் மெய்டன்ஹெயார் பன்னம் முழுக்கக் காய்ந்து சருகு. எறியட்டுமா? (பம்பலப்பிட்டி)

பொறுங்கள். இந்த இனத்துக்கு ஒரு நாள் தண்ணீர் தப்பினாலே இப்படித்தான் கோபம் வரும். ஆனால் மண்ணுக்கடியில் கிழங்கு உயிரோடு இருக்கலாம். காய்ந்த தண்டுகளை மண்மட்டத்தோடு வெட்டி, சாடியை நிழலில் வைத்து, மண் ஈரமாக இருக்கும்படி பாருங்கள். சில வாரங்களில் சுருள் சுருளாகத் துளிர்க்கும். நாலைந்து இலை விரியும்வரை உரம் வேண்டாம். பிறகு அல்பர்ட் கரைசல் போட்டாலும் பொதியில் சொன்ன அளவில் பாதிதான், அதுவும் மாதம் ஒரு தடவை. இரண்டு மாதமாகியும் அசைவில்லை என்றால் அந்தச் சாடியில் வேறு ஏதாவது நடுங்கள்.