காலுக்குப் படியா, கல்லுக்குக் காப்பா? வாகனக் கேள்வி பதில்

கேள்வி: கொல்லிமலையில் காபியும் மிளகும் பயிரிடுகிறோம். எங்கள் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப்பில், ஏறி இறங்குவதற்காகக் கதவுக்குக் கீழே, வெளியே வாங்கிப் பொருத்திய சைடு ஸ்டெப் (பக்கவாட்டுப் படி) இருந்தது. தோட்டத்துக்குச் செல்லும் கடைசி மூன்று கிலோமீட்டர் மண்பாதையில், மழை அரித்து வெளியே தெரிந்த கல்லில் இடித்து அது மேலே மடங்கிவிட்டது. கதவைக்கூடத் திறக்க முடியவில்லை. அதைப் போலவே இன்னொன்று வாங்குவதா, கல்லில் இடிபடாமல் கதவின் அடிப்பக்கத்தைக் காக்கும் இரும்புக் குழாயான ராக் ஸ்லைடர் பொருத்துவதா? எழுபது வயதைக் கடந்த என் தாயார் வாரம் இருமுறையாவது வண்டியில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.
— வாசகர், செம்மேடு

பதில்: இரண்டும் கதவுக்குக் கீழே ஒரே இடத்தில் இருப்பதாலும், சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றுவதாலும், விலை குறைந்த வகை, விலை கூடிய வகை என்று ஒரே பொருளைப்போல இவற்றைக் காட்டி விற்பவர்கள் உண்டு. அது சரியன்று. சைடு ஸ்டெப் தாங்க வேண்டியது மனிதரை. ராக் ஸ்லைடர் தாங்க வேண்டியது வண்டியையே. உங்கள் வண்டி சுமை ஏற்றாமலே ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ளது. அதில் ஒரு பங்கு கல்லின் மேல் இறங்கும்போது, ஓர் ஆள் ஏறி நிற்பதற்காகச் செய்த மெல்லிய குழாயும் தகட்டுப் பிடிகளும் மடங்கியதில் வியப்பில்லை.

பொருத்தப்படும் இடத்தையும் பாருங்கள். பிக்கப்பின் அடியில், வண்டியையே தாங்கும் ஏணி வடிவ இரும்புச் சட்டமான சேஸிஸ் இருக்கிறது. நாம் அமரும் கேபின் அதன்மேல் ரப்பர் புஷ்களின் மீது தனியாக உட்கார்ந்திருக்கிறது. பல சைடு ஸ்டெப்கள் அந்தக் கேபினின் அடிவிளிம்புத் தகட்டில்தான் போல்ட் போட்டு மாட்டப்படுகின்றன. ஆகவே ஸ்டெப்பில் விழும் அடி அந்தத் தகட்டையே இழுக்கிறது. டிங்கர் வேலையில் கையைக் கடிக்கும் இடம் அது, ஏனெனில் கதவைப்போலக் கழற்றி மாற்ற முடியாது. சேதம் பெரிதானால் வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். நல்ல ராக் ஸ்லைடரோ சேஸிஸிலிருந்து நேரே கிளம்பும் தடித்த இரும்புக் கைகளின் மேல், கேபினைத் தொடாமல் நிற்கிறது. கல் எவ்வளவு அழுத்தினாலும் அந்தப் பாரம் சேஸிஸுக்குப் போய்விடுகிறது.

அடுத்தது உயரம். விளம்பரத் தாளில் அச்சிடும் தரை இடைவெளி பெரும்பாலும் பின் டிஃபரன்ஷியலின் (பின் சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் பற்சக்கரப் பெட்டியின்) அடியில் அளந்தது. அதற்கு அருகிலேயே சக்கரங்கள் இருப்பதால், சக்கரம் மேட்டில் ஏறினால் அதுவும் உடன் ஏறிக்கொள்ளும். நடுவயிற்றுக்கு அந்த வசதி கிடையாது. உங்கள் வண்டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3,095 மில்லிமீட்டர். மஹிந்திரா தாரின் மூன்று கதவு வண்டியில் அது 2,450 தான். இரண்டு அடிக்கும் மேற்பட்ட இந்த வித்தியாசத்தால், தார் தாண்டிப்போகும் அதே மேட்டில் பிக்கப்பின் நடுப்பகுதி உரசும். உரசக்கூடிய அந்த இடத்திலேயே, இன்னும் சில அங்குலம் தாழ்வாகச் சைடு ஸ்டெப்பைத் தொங்கவிடுகிறோம். ஸ்லைடர் கேபின் விளிம்பை ஒட்டி மேலே இருப்பதால் அந்த உயரத்தைப் பெரிதாகப் பறிப்பதில்லை.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் சாலை தார்ச்சாலை. அதற்காக மட்டும் என்றால் ஸ்லைடர் தேவையே இல்லை என்றிருப்பேன். உங்கள் கடைசி மூன்று கிலோமீட்டர்தான் முடிவு செய்கிறது. அந்தப் பாதை ஒவ்வொரு மழைக்கும் மாறும். இன்று மண்ணுக்குள் கிடக்கும் கல் ஐப்பசி முடிவதற்குள் தலை நீட்டும். ராக் ஸ்லைடரே போடுங்கள்.

தாயார் விஷயத்தில் ஸ்லைடர் முழு விடை ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது உயரமாக இருப்பதாலேயே நல்ல காப்பு, உயரமாக இருப்பதாலேயே சுமாரான படி. அதன் மேற்பகுதியில் வழுக்காத புள்ளித்தகடு பதித்த வகையைக் கேளுங்கள். கேபினுக்குள் ஒரு மடக்கு முக்காலியும் வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் பல ஆண்டுகளாக ஒரு மர முக்காலி கிடக்கிறது. முதலில் சிரிக்கும் விருந்தினர்கள் இறங்கும்போது அதைத்தான் கேட்பார்கள். மலைப்பாதையில் அம்மா அமரும் பக்கத்துக் கதவு மேட்டுப் பக்கம் வருமாறு நிறுத்தினால், பாதி உயரத்தை நிலமே குறைத்துக் கொடுத்துவிடும்.

பட்டறையில் செய்வதானால் தண்ணீர்க் குழாயை வளைத்துக் கறுப்பு வண்ணம் அடித்துத் தருபவரிடம் போகாதீர்கள். குழாயின் சுவர் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சேஸிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளிலேயே போல்ட் மூலம் மாட்டும் வகையாக இருக்க வேண்டும். சேஸிஸில் நேரடியாக வெல்டிங் செய்தால் சூடுபட்ட இடம் பலவீனப்படலாம், துருப் பிடிக்காமல் காக்கும் பூச்சும் எரிந்துபோகும். பக்கத்திலேயே டீசல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். கேபினுக்கும் ஸ்லைடருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி அவசியம், ஏனெனில் மேடு பள்ளத்தில் சேஸிஸ் ஒரு பக்கமும் கேபின் இன்னொரு பக்கமும் சற்று முறுக்கிக்கொள்ளும். பணம் கொடுப்பதற்கு முன், பட்டறையின் சமதளத்தில் ஸ்லைடரின் நடுவில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். ஒரு ஜோடி 40, 50 கிலோ இருப்பது சாதாரணம். அதே அளவு மிளகு மூட்டை குறைவாக ஏற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: தூத்துக்குடியில் மீன் வியாபாரம் செய்கிறோம். பிக்கப் தார்ச்சாலையை விட்டு இறங்குவதில்லை. பார்ப்பதற்கு உறுதியாக இருக்கிறது என்று ஸ்லைடர் போடச் சொல்கிறார்கள்.
— வாசகி, தூத்துக்குடி

பதில்: வேண்டாம். அகலமான, தாழ்வான சைடு ஸ்டெப்பே உங்களுக்குப் பொருத்தம். கடற்காற்றும் மீன் பெட்டியிலிருந்து வழியும் உப்புநீரும் பிடிகளின் போல்ட்டை முதலில் அரிக்கும் என்பதால், துருப்பிடிக்காத எஃகு போல்ட் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பஞ்சரானால் ஸ்டெப்பில் மட்டும் ஜாக்கி வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்லைடர் பொருத்தினால் ஆர்.டி.ஓ. சோதனையில் சிக்கல் வருமா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஸ்டெப், ஸ்லைடர் என்று எதையும் அது பெயரிட்டுச் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதம் வண்டியின் முன்புறம் மாட்டும் இரும்புத் தடுப்புக் கம்பிகளான புல் பார்களைப் (bull bar) பற்றியது. ஆயினும் அகலத்தைக் கூட்டாத, முனை கூர்மையாக நீட்டிக்கொண்டிராத, தேவைப்பட்டால் போல்ட்டைக் கழற்றி எடுக்கக்கூடிய ஸ்லைடரையே வாங்குங்கள். வாங்குவதற்கு முன்பே அதன் படத்துடன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால், ஷோரூமில் எழுத்து மூலமாகவே பதில் வாங்குங்கள்.